புகையிலைத் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் கையால் அப்பாவுக்கு நஞ்சு போனது.

சண்டை முடிந்து நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்து குடியேறிய இரண்டாவது வருடம். முதல் வருடம் நட்ட மிளகாய் முழுவதும் இலை சுருண்டு அழிந்தது. அன்றிலிருந்து அப்பா அதிகம் கதைப்பதில்லை; விடிந்தால் வயல், இருண்டால் பாய். அடுத்த நாற்று மேடையை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

குசினியில் இருந்ததெல்லாம் தோட்டத்துக்கு வந்தது. தயிர்க் கோப்பைகளின் அடியை வெட்டி, புழு தண்டை அறுக்காதபடி கன்றுகளைச் சுற்றிச் செருகினார். மஞ்சள் நிற மாஜரின் மூடிகளில் எண்ணெய் பூசித் தடிகளில் கட்டினார். வெள்ளை ஈக்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மா அரிக்கும் அரிதட்டு இளங்கன்றுகளுக்குக் கூரையானது. அந்த மாதம் எங்கள் வீட்டில் பிட்டு இல்லை.

கடைசியாக, புகையிலைக் காம்புகளை ஊறவைத்த தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துத் தெளித்தார். மிச்சம் பேசினில் இருந்தது. அம்மா குளிக்கப் போன நேரம் கோழிகள் அதைக் குடிக்க வந்தன. கோழிகளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. வெறும் சோடாப் போத்தல் ஒன்றில் அதை ஊற்றி, கவனமாக மூடி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா குடிக்கும், பால் விடாத வெறுந்தேத்தண்ணியும் அதே மாதிரிப் போத்தலில், அதே நிறத்தில்தான் இருக்கும்.

மத்தியான வெயிலில் வயலால் வந்த அப்பா, அதை எடுத்து அண்ணாந்து குடித்தார். இரண்டு மிடறு. மூன்றாவதைத் துப்பினார். பிறகு வாந்தி. உடம்பெல்லாம் வியர்த்து, கைகள் நடுங்க, குசினிப் படியில் சரிந்தார்.

ஈரத் தலையோடு ஓடிவந்த அம்மா போத்தலை மணந்து பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“ஐயோ, ஏனப்பா இப்படிச் செய்தனீங்கள்?”

அப்பா என்ன செய்தார்? செய்தது நான் அல்லவா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் கேட்டார்: “இதை ஆர் போத்தலுக்குள்ள விட்டது?”

“தெரியாது மிஸ். நான் பேசினுக்குள்ளதான் வைச்சனான்,” என்று அம்மா அழுதார்.

“தேத்தண்ணியெண்டு நினைச்சுத்தான் குடிச்சனான்,” என்றார் அப்பா, கட்டிலில் கிடந்தபடி.

“எல்லாரும் அப்பிடித்தானே ஐயா சொல்லுறது,” என்றார் நர்ஸ், மெதுவாக.

நான் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த மாமா அவர் கையைப் பிடித்து, “மச்சான், இந்தப் பிள்ளையின்ர முகத்தை ஒருக்கால் நினைச்சனீங்களோ?” என்று கேட்டார். மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று பயந்து, நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா மாட்டுக் கயிறுகளை எல்லாம் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்பா கிணற்றடிக்குப் போனால் கூடவே போனார். அம்மாவுக்கு அப்பாவில் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஒரு கிழமை கழித்து, நாற்று மேடையில் குனிந்து நின்ற அப்பாவிடம் போய் அழுதேன். “நான்தான் அப்பா போத்தலுக்குள்ள விட்டனான். கோழி குடிச்சிடுமெண்டு.”

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவையும் பார்த்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை,” என்றார். “அம்மாட்டையும்.”

“அம்மா அடிப்பாவே?”

“ஓம். அடிப்பா.”

அடி தப்பிய சந்தோஷத்தில் நான் ஓடிவிட்டேன். அப்பா சாகத்தான் குடித்தார் என்று ஊர் முழுக்க நம்பியதும், தன் பிள்ளை நஞ்சு ஊற்றியவள் என்று பெயரெடுக்காமல் இருக்க அந்தப் பேச்சைத் தானே சுமக்க அவர் துணிந்ததும் எனக்கு விளங்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

இன்றைக்கும் அப்பா வயலால் வரக் கொஞ்சம் பிந்தினால், அம்மா வாசல் படலையில் போய் நின்றுவிடுவார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.