மின்னல்வேந்தனின் முட்டு

நேற்று டிவியில் முட்டுவலித் தைல விளம்பரம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகிப் படியேறிய பெரியவரை உற்றுப் பார்த்தேன். மின்னல்வேந்தன்!

சினிமாவில் ஓடும் ரயிலிலிருந்து குதிரை மேல் குதித்த நாயகர். பீடிப் புகையும் முறுக்கு வாசனையும் கலந்த ஸ்ரீவைகுண்டம் தியேட்டரில், அத்தை மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அவர் குதிக்கப் போகிறார் என்றதும் அத்தை இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, "சிவசிவா" என்று திரையை நோக்கித் திருநீற்றை ஊதுவாள். அது முன்வரிசைத் தலைகளில்தான் இறங்கும்.

"எக்கா, அவருக்கு ஒண்ணும் ஆவாது. என் கண்ணுதான் அவிஞ்சிரும்!" என்று ஒருமுறை முன்வரிசைக்காரர் ஒருவர் கத்தினார்.

"நான் ஊதப்போயிதான் அவனுக்கு ஒண்ணும் ஆவல வே!" என்றாள் அத்தை. எந்தப் படத்திலும் அவர் கீழே விழாததால் நானும் அதை நம்பினேன்.

நேற்று விளம்பரத்தைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்த அத்தை கலங்கிப்போனாள். "முட்டு வலிக்குன்னு நான் தியேட்டருக்குப் போறத விட்டேன்லா, அவனுக்கும் முட்டு போயிட்டே!"

கெந்திக் கெந்தி டிவி பக்கம் போய் ஊதினாள். படியேறுகிறவர் வெள்ளைப் பொடிக்குள் மறைந்துபோனார்.

"அந்தத் தைலத்த உனக்கு வாங்கட்டுமா அத்தை?" என்றேன்.

"எனக்கு எதுக்குலே? அவன்தான ரயில்ல இருந்து குதிக்கணும்!"