அலமாரியில் உறங்கும் டப்பா

ஏற்காட்டு மூட்டம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி நாங்கள் முகக்கிரீம் செய்யும் இரண்டு அறைகளுக்குள் அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். தேன்மெழுகும் ஆரஞ்சுத்தோல் எண்ணெயும் உருகுகிற வாசனையில் மூட்டமும் கலந்துவிட்டால் இன்றைக்கு என்ன கிழமை என்பதே எனக்கு மறந்துபோகும். அப்படி மறந்து உட்கார எனக்குச் சம்பளம் இல்லை. என் வேலை காகிதம்.

எங்கள் கிரீம் ஐரோப்பாவுக்குப் போகிறது. அதற்கு எழுதி மாளாது. ஆரஞ்சு வாசனைக்குள் இருக்கும் பொருளைக்கூடத் தனியாகப் பேர் சொல்லி லேபிளில் போட வேண்டும். தேமல் போகும், வெடிப்பு ஆறும் என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. ஒரே நாளில் ஒரே பாத்திரத்தில் கிண்டியது ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டப்பாவைச் சீல் உடைக்காமல் வருஷக்கணக்கில் பத்திரப்படுத்த வேண்டும். அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் அதைத் திறந்து சோதிப்பார்கள்.

இந்தக் கடைசி விதி மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று கடல் தாண்டி யாரோ ஒருத்தியின் குளியலறையில் இருக்கும். மற்றது எங்கள் மர அலமாரியில் உறங்கும். மழை நாட்களில் அந்த அலமாரி முன்னால் நின்று, முகம் தெரியாத அந்த ஒருத்தியை நினைத்துக்கொள்வேன். அவள் ஜன்னலில் மலை தெரியுமா, காலையில் அவளும் என்னைப்போல எரிந்து விழுவாளா என்றெல்லாம்.

அலமாரிச் சாவி மஞ்சக்குட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணிடம் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவள், எங்களிடம் கிரீம் கிண்ட வந்தாள். அவள் இருக்கும் இடத்தில் ஒரு பொட்டுத் தூசி தங்காது.

ஆடி மாதம், அங்கே எங்கள் கிரீமை வாங்கி விற்கிறவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் கிரீமைப் பூசிய ஒரு பெண்ணுக்கு முகம் சிவந்து வீங்கிவிட்டதாம். அந்தப் பேட்சின் டப்பாவை உடனே லேபுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்தால் விற்பனை தொடரும். இல்லாவிட்டால் அந்தப் பேட்ச் முழுக்கக் கடைகளிலிருந்து திரும்பும், ஆர்டரும் நிற்கும். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான்.

டப்பாவை எடுத்தேன். கார்த்திகையில் கிண்டிய பேட்ச் அது. மூடி கறுப்பாக இருந்தது. அப்போதெல்லாம் எங்களிடம் வெள்ளை மூடிதான்.

"ஏன் கண்ணு, இந்த மூடி பொங்கலுக்கு அப்புறம் வாங்குனதாச்சே?"

"ஆமாங்க்கா. மாசாமாசம் பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சுருவனுங்க. லேபிளைப் பதனமா உரிச்சு இதுல ஒட்டிருவனுங்க. வெளிநாட்டுக்காரங்க எப்ப வேணா கேப்பாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. கேக்கறவங்களுக்குப் பழசையா எடுத்து நீட்டறது?"

"பழசெல்லாம் எங்க?"

"ஊட்லதானுங்க. கால் வெடிப்புக்குத் தேச்சோமுங்க. நொம்ப நல்லாக் கேக்குதுங்க."

லேபிளில் எழுதக்கூடாத வாக்கியத்தை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எடுத்து வை என்று சொன்னேனே தவிர, எதற்கு என்று ஒரு நாளும் அவளுக்குச் சொன்னதில்லை. விருந்தாளிக்குப் புதுப் பாயை விரிப்பதுபோல அவள் செய்திருக்கிறாள்.

இப்போதுதான் சொன்னேன். கேட்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று. அடுப்பைப் பார்க்கப் போனாள்.

என் கையில் புதுக் கிரீம், பழைய லேபிள். அனுப்பினால் ரிப்போர்ட் சுத்தமாக வரும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பொய் சொல்லுவானேன், அனுப்பத்தான் நினைத்தேன். பொட்டலம் கட்டி முகவரியும் எழுதினேன். வெளியே மூட்டம் சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பொட்டலத்தையும் அப்படியே விழுங்கித் தொலைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, அந்தம்மாளுக்கு இப்ப மூஞ்சி எப்படிங்க இருக்குது?"

மெயிலை மறுபடி படித்தேன். பேட்ச் நம்பர் இருந்தது, தேதி இருந்தது, விதி எண் இருந்தது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. அலமாரி முன்னால் நின்று அத்தனை நாள் அவளைக் கனவு கண்ட நான்தான். வெட்கமாக இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, எங்களிடம் சாம்பிள் இல்லை, தவறு என்னுடையது என்றேன். கடைசி வரியில் அவள் கேள்வியைச் சேர்த்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பேட்ச் திரும்புகிறது, ஆர்டர் நிற்கிறது. அடியில் ஒரு வரி: வீக்கம் வடிந்துவிட்டது, விசாரித்ததற்கு அந்தப் பெண் நன்றி சொன்னார். முதலில் அந்த வரியைத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அந்த வருஷம் அவள் திரும்பக் காப்பிப்பழம் பறிக்கப் போனாள். எனக்கு மனசு ஆறவேயில்லை. மாசி பிறந்த பிறகுதான் ஆர்டர் மறுபடி வந்தது, அவளும் வந்தாள்.

போன வாரம் அலமாரியைத் திறந்தேன். அறை முழுக்கப் பளபளவென்றிருக்க, உள்ளே டப்பாக்கள் மேல் மட்டும் தூசி படிந்திருந்தது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். பின்னாலிருந்து ஓடி வந்தாள்.

"தொட்டுராதீங்க்கா. அது அந்தம்மாளுதுங்க."