ஸ்டேஷனர் மாப்பிள்ளை

ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு வரும் என்று நினைப்பவர் என் பெரியப்பா. எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைப் பற்றி அப்பாவிடம், "ஆள் ஸ்டேஷனர்" என்றார். ரயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் காதில் முதல் பாதிதான் ஏறியது. ஸ்டேஷன் மாஸ்டர், அரசாங்க உத்தியோகம், பென்சன். வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று அப்பா ஆசையோடு கேட்டார்.

"தம்பி இப்ப எந்த ஸ்டேஷனிலை?"

"ஸ்டேஷன் இல்லை ஐயா, ஸ்டேஷனர். புறக்கோட்டையிலை காகிதம், பேனை, மை விக்கிறன்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. பெரியப்பா கூரையைப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

வந்தவர் சளைக்கவில்லை. "ரெண்டும் ஒரே வேர்தான் ஐயா. நிக்கிறது எண்ட லத்தீன் சொல்லு. முந்தி அவங்கட நாட்டிலை கன பேர் தெருத்தெருவாய்ச் சுமந்துதான் வித்தவை. ஓரிடத்திலை நிலையாய்க் கடை வைச்சவனைத்தான் ஸ்டேஷனர் எண்டவை."

பெண் பார்க்க வந்த இடத்தில் லத்தீன்! எனக்கு அந்த மனுசனை அப்போதே பிடித்துவிட்டது.

அவர்கள் போனதும் அப்பா, "கடைக்காரனுக்கு ஏது பென்சன்? வேண்டாம்" என்று முடித்துவிட்டார். அம்மா இல்லாத வீடு. எனக்காகப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. சோறு போடும்போது சொன்னேன்.

"அப்பா, ஸ்டேஷன் மாஸ்டரைக் கட்டினால் இண்டைக்கு மாகோ, நாளைக்கு மன்னார் எண்டு மாத்திக்கொண்டே இருப்பாங்கள். பிறகு உங்களுக்கு ஆர் சோறு போடுறது? இவர் நிக்கிற ஆள். நானும் இங்கைதான் நிப்பன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகு, "பெரியப்பாவை வரச்சொல்லு பிள்ளை" என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு கடைக்குப் புதுப் பலகை எழுதுவித்தோம். மையும் புதுக் காகிதமும் கலந்த அந்தக் கடையின் வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. பலகை எழுதியவன் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில் 'ஈ' போட வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவிட்டான். ஒரே ஒரு எழுத்துத்தான். காகிதச் சாமான் என்றிருக்க வேண்டிய சொல், 'அசையாமல் நிற்பது' என்று ஆகிவிட்டது.

கந்தோரில் மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வெட்டியே காலம் கழித்தவர் அப்பா. பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். என் கணவர் பதறிப்போய், "நாளைக்கே மாத்தி எழுதுவிக்கிறன் மாமா" என்றார்.

"வேண்டாம் தம்பி," என்றார் அப்பா. "அவன் சரியாய்த்தான் எழுதியிருக்கிறான்."