ஆர்கெலானின் தலை சித்தி வாசலில்

நூறு வருடத்துக்கும் முந்தைய ஆமைப் படங்கள் என் போனில் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து போடும் தளங்களிலிருந்து கல்லூரியில் படிக்கும்போது இறக்கியவை. எல்லாமே என்றோ அழிந்துபோன ஆமைகள். வரைந்தவர்கள் ஒருவரும் அவற்றைப் பார்த்ததில்லை. கிடைத்த எலும்பை வைத்து மீதியை ஊகித்திருக்கிறார்கள். அதனாலேயே அவற்றின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஒருவர் வரைந்த முதுகு, ஓலை வேயாத கூரை மாதிரி வெறும் கைமரங்களாக நிற்கும். இன்னொருவர் கரையேறும் ஆமைக்குத் தூக்கம் கலையாத மனுஷக் கண் வைத்திருப்பார். பழுப்புத் தாளில் மயிரிழைக் கோடுகள். இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஃபோல்டரைத் திறந்தால், படங்களுக்கு முன்னால் ஒரு பொங்கல்தான் வந்து நிற்கிறது.

அந்தத் தூக்கக் கண் ஆமையை, ஆர்கெலானை, எங்கள் ஊரான சிக்கலில், வீட்டு வாசலில் கோலமாகப் போட முடிவுசெய்திருந்தேன். அசல் அளவில்!

"பொங்கலும் அதுவுமா வாசல்ல ஆமையா?" என்றாள் அம்மா.

"இது செத்தே பல கோடி வருசம் ஆச்சும்மா."

"அப்ப செத்ததையா போடப்போற?"

அதைக்கூடச் சமாளித்தேன். இடத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்த ஆமை கிட்டத்தட்ட இரண்டு ஆட்டோவை ஒட்டி நிறுத்திய நீளம். பாகம் பிரித்த பிறகு எங்கள் வாசல் அவ்வளவு இல்லை. வாலிலிருந்து கழுத்து வரை எங்களுக்கு. தலை பக்கத்து வாசலில் விழும். பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்ற தகராறில் அம்மாவும் சித்தியும் இரண்டு மழைக்காலமாகப் பேசுவதில்லை.

"பாதி அளவாப் போட்டுத் தொலையேன்."

"பாதி அளவாப் போட்டா அது நம்ம கடல்ல கெடக்குற சாதா ஆமைம்மா. எனக்கு முழுசா வேணும்."

பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் வாலில் தொடங்கினேன். கோலமாவில் கரித்தூள் கலந்து, போனில் படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த மயிரிழைக் கோடுகளை விரலிடுக்கில் விட்டு விட்டு இழுத்தேன். துடுப்புகள் வந்தன, முதுகு வந்தது. கழுத்தோடு எல்லை வந்துவிட்டது. கை நின்றது.

வாசல் தெளிக்க வாளியோடு வந்த சித்தி பார்த்தாள். என்னிடம் பேசவில்லை. கட்டியிருந்த ஆட்டிடம் கேட்டாள்: "ஏண்டி, நாளைக்குப் பொங்கல வச்சுக்கிட்டுத் தலையில்லாத முண்டத்தையா போடுவாக?"

அம்மா கையிலிருந்த விளக்குமாற்றிடம் பதில் சொன்னாள்: "தலை வைக்க எடம் வேணும்ல. எடத்தக் கேட்டா செல பேரு போலீஸ் ஸ்டேசனுக்கில்ல போவாக."

"கேக்காமலே அவுக மழைத்தண்ணி நம்ம வாசலுக்கு வருது," என்றாள் சித்தி ஆட்டிடம். "ஆமைத்தலை வந்தா என்ன கொறைஞ்சா போகும்?"

ஆடு கோலமாவை மோந்து தும்மியது. சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, மாவோடு கையை எல்லை தாண்டி நீட்டினேன்.

"ஏய்! என் வாசல்ல அடுத்த ஆளு கை படக்கூடாது. போனக் குடு இங்கன."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "யாரு வரைஞ்சது? ஆளு ஆமையையே பார்த்ததில்ல போல."

"பார்த்ததில்லதான் சித்தி."

"அதான!"

குனிந்து போடத் தொடங்கினாள். அவளிடம் இருந்தது ரோஸ் பொடிதான். என் சாம்பல் ஆமைக்கு ரோஸ் தலை, வளைந்த ரோஸ் மூக்கு, நெற்றியில் பொட்டு வேறு! ஆனால் கழுத்துக் கோடுகள் எல்லையில் பிசகாமல் சேர்ந்துகொண்டன.

அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "கண்ணு பெருசாப் போச்சு," என்றாள், சித்தியின் முகத்தைப் பார்த்தே.

சித்தி போனை நீட்டினாள். "படத்துல அப்படித்தான் இருக்கு. நீங்களே பாருங்கக்கா."

இருவரும் தலை முட்டக் குனிந்து, அந்தக் கண் சரியா தப்பா என்று சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். போன் என் கைக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.