அப்பா தள்ளிய கார்

தில்லி கரோல் பாக்கில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்தத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த தமிழர்களில் சொந்தக் கார் உடையவர் என் தந்தை ஒருவரே. நானோ வகுப்பில் முதல் மாணவன். பின்னாளில் வகித்த பதவிகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் செலவுக்கு அஞ்சி அப்பா அலுவலகத்துக்குப் பேருந்திலேயே போனார். ஆயினும் தினமும் காலையில் கீழே இறங்கிக் காரைக் கிளப்பி, தெரு முழுவதும் கேட்கும்படி சற்று உறுமவிட்டு அணைத்துவிடுவார். பேட்டரியைக் காப்பாற்ற அதுவே வழி என்று திடமாக நம்பினார். குளிர் ஏற ஏறக் கார் முனகி முனகிக் கிளம்பியதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அந்த ஜனவரியில் அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய தந்தையும் சென்னையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பொறியாளர். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. ரயில் நிலையத்துக்குத் தமது காரிலேயே போகலாம் என்று அப்பா அறிவித்தார். விருந்தினர் பின்னிருக்கையில் அமர்ந்தனர். அன்று வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றதோடு சரி.

அப்பா கோட்டைக் கூடக் கழற்றாமல் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார்.

"ஜோர் லகாவ் சாப்! இட்லி மே தம் நஹீ!" என்று எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் சிரித்தார். பலமாகத் தள்ளுங்கள், இட்லியில் தெம்பில்லை என்று கேலி.

மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "டெய்லி ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்திடுவீங்களா சார்? கிளப்பறதுக்குச் செலவானதே திரும்ப ஏறியிருக்காது. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடும். டெர்மினல்ல வெள்ளையா பூத்திருக்கும், அதையும் பாருங்க. குளிர் வேற."

"பாக்கறேன் மாப்ளே," என்றார் அப்பா, மூச்சு வாங்க.

"இன்னும் வேகமா தள்ளுங்க சார், செகண்ட் கியர்ல புடிச்சுக்கும்."

அவர் சொன்னபடியே பிடித்துக்கொண்டது.

முதல் மாடி ஜன்னலில் அக்காவோடு நின்றிருந்த எனக்கு அவமானம் தாங்கவில்லை. தள்ளுகிறவர் யாரோ ஒருவராக இருக்கக் கூடாதா என்று எண்ணினேன். பின்னிருக்கையை விட்டு இறங்காமலே காரணம் கண்ட மாப்பிள்ளையை மனதார வியந்தேன்.

"எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாத்தியா அவருக்கு!"

அக்கா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அவருடைய அறிவைக் கண்டு பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கார் கிளம்பாததைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டனர் என்று உறவினர் இன்றும் பேசுகிறார்கள். அது தவறு. அவர்கள் சம்மதம் என்றே சொல்லியனுப்பினார்கள். வேண்டாம் என்றவள் அக்கா.