வெட்டாத கத்தரிக்கோல்

ஈரக் கல்லின்மேல் அலகைப் படுக்கவைத்து, மூன்று விரலால் அமர்த்தி, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. திரும்பி வரும்போது அழுத்தம் இல்லை. பத்து இழுப்புக்கு ஒருமுறை கைகள் நின்றன. கட்டைவிரல் கூரின் குறுக்கே மெல்லப் போய்வந்தது. ஓரத்தில் சுருண்டு நிற்கக்கூடிய மயிரளவு இரும்பை நகம் தேடியது. இல்லை. துடைத்து, இரண்டு அலகுகளையும் பொருத்தி, திருகாணியை முடுக்கி, பழைய சட்டைத் துணியில் ஒரு வெட்டு. துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து செருகிக்கொண்டது.

இது நான்காவது தடவை.

செலஸ்ரீனாவின் கை தொட்ட கத்தரிக்கோல் இரண்டாவது தடவையிலேயே வெட்டிவிடும். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு, ஊர் மன்னார் பேசாலை. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருடம். காலையில் பணக்காரர் வாழும் லிபெர்த்தா பகுதியில் இரண்டு வீடுகளைத் துப்புரவு செய்கிறாள். பின்னேரங்களில் கபோச் சந்தைக்கு மேலே, இரண்டாம் மாடியில், சமையலறைப் பல்கனியில் பழைய கருவிகளைத் திருத்துகிறாள். கத்தரிக்கோல், உளி, சீவுளி, இறைச்சிக் கத்தி. கீழே மீன் வியாபாரிகள் கத்துவதை அவள் காது எடுப்பதில்லை. கல்லில் இரும்பு உரசும் ஓசை மாறினால் மட்டும் உடனே எடுக்கும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் பழக்கவில்லை. முதன்முதலாக ஒரு செத்த வீட்டுக் குப்பையிலிருந்து எடுத்துவந்த கத்தரிக்கோலை இரவு முழுக்க வெளுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். வீடு துடைக்கிறவளின் பிழை அது. ஊத்தை என்றால் கை தன்பாட்டில் வெளுப்புப் போத்தலுக்குத்தான் போகும். விடிய எடுத்துப் பார்த்தால் நல்ல உருக்கு முழுக்கக் குழி. அந்தக் கத்தரிக்கோலை அவள் எறியவில்லை. இப்போதும் அதைக்கொண்டுதான் சீமெந்துப் பை வெட்டுகிறாள்.

வாங்குவதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. லிபெர்த்தாவில் எந்த வீட்டில் யார் இறந்தார், பிள்ளைகள் எந்தக் கிழமை வந்து சாமான்களை விற்கப்போகிறார்கள் என்பது, மரண அறிவித்தல் சுவரில் ஒட்டப்படுவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரிந்துவிடும். செலஸ்ரீனா விற்பனை தொடங்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பாள். கதவு திறந்ததும் வியாபாரிகள் வரவேற்பறைக்குள் பாய்வார்கள். கண்ணாடி விளக்குக்கும் படச் சட்டத்துக்கும் அடிபடுவார்கள். அவள் நேரே பின்பக்கம் போவாள். பல்கனி அலுமாரி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப்பெட்டி, சமையலறையின் கடைசி இழுப்பறை. வேலை செய்து வாழ்ந்த மனிதர் தன் கருவியை வரவேற்பறையில் வைப்பதில்லை.

இந்தக் கத்தரிக்கோலும் அப்படித்தான் கிடைத்தது. தனியாக வாழ்ந்து இறந்துபோன ஒரு தையற்காரரின் வீடு. கருப்புப் பிடி, முழங்கை நீளத்தில் முக்கால்வாசி, கையில் எடுத்தால் பாரம் சரியாக நடுவில் நின்றது. ஆனால் அன்று அவளுக்கு முன்னால் மூன்று வியாபாரிகள் பின்பக்கம் வந்து, அதை எடுத்துக் கடதாசியில் வெட்டிப் பார்த்திருந்தார்கள்.

"நொன் தால்யா," என்றான் கடைசி ஆள், வெட்டாது என்று. அதைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டான்.

செலஸ்ரீனாவும் வெட்டிப் பார்த்தாள். வெட்டவில்லைத்தான். ஆனால் அலகில் துரு இல்லை, வளைவு இல்லை. இப்படிப்பட்ட சாமானை மொட்டையாக விட்டுவைக்கிற தையற்காரன் இருக்கமாட்டான் என்று அவளுக்குப் பட்டது. விற்றுக்கொண்டிருந்த மருமகன் ஐந்து யூரோ கேட்டான். பெட்டியில் கிடந்த சாணைக்கல்லையும் சேர்த்துத் தரச் சொல்லி வாங்கிவந்தாள்.

அது சிநேகிதி விமலராணிக்காக வாங்கியது. விமலராணிக்கு ஐம்பத்தொரு வயது. ஒன்பது வருடம் பார்த்துவந்த கிழவி சின்யோரா தவக்காலத்தில் இறந்துபோக, வேலை ஒப்பந்தமும் அன்றோடு முடிந்தது. புது ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அது முடிய இன்னும் இரண்டு மாதந்தான் இருந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் திங்கட்கிழமை ஒருநாள் வேலைசெய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். சொந்தக் கத்தரிக்கோலோடு வரவேண்டும். இதற்கு முன் வேறொரு கடையில் மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். தைத்தது நன்றாக இருந்தது, வெட்டியது கோணல்.

நான்காவது தடவையும் வெட்டாதபோது செலஸ்ரீனா கல்லைக் கழுவி வைத்தாள். கூர் பிழையில்லை. அப்படியென்றால் பிழை வேறெங்கோ இருந்தது. திருத்தி முடித்த இன்னொரு தையற் கத்தரிக்கோலை எடுத்துவந்து, இரண்டையும் நுனி வெளியே பார்க்க மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றில் வலப்பக்க அலகு மேலே இருந்தது. தையற்காரருடையதில் இடப்பக்க அலகு மேலே. கண்ணாடியில் பார்த்தது போல. அது இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோல்.

நூற்றுக்கு மேல் கத்தரிக்கோல் தீட்டியவளுக்கு இது தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. சோறு, சிலுவை அடையாளம், கடைக்காரனுக்குக் காசு, எல்லாம் வலது கை. ஊரில் இடது கையால் எதையும் நீட்டினால் நீட்டிய கைக்கு அடி விழும். ஒருவர் அந்தக் கையால் ஐம்பது வருடம் தொழில் செய்திருக்கலாம் என்று அவளுடைய வலது கைக்கு எப்படித் தெரியும்?

இடது கையில் மாட்டினாள். விரல்கள் கூச்சப்பட்டன. அலகுகள் பிரிந்து விலகாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போயின. சட்டைத் துணி விரலகலத்துக்கு நேரே பிளந்தது. மூன்று வியாபாரிகளையும் நினைத்துச் சிரித்தாள். பிறகு தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் அது விமலராணிக்கு உதவாது. திருத்தி வைத்திருந்த மற்றக் கத்தரிக்கோலையே கொடுப்பதென்று முடிவெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விமலராணி நேரே படியேறிச் சமையலறைக்கு வந்தாள். கையில், சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் உள்துணி ஒரு முழம், வழுக்குகிற சாதி.

"இந்தா, இதிலை வெட்டிக் காட்டு பாப்பம். பேப்பரை எல்லாக் கத்தரிக்கோலும் வெட்டும்."

"நான் ஏன்? நீங்கள் வெட்டுங்கோ அக்கா. நாளைக்கு நானே வரப்போறன்?"

விமலராணி வெட்டினாள். பாதிவரை போய், வெட்டு வலப்பக்கமாக ஒதுங்கியது.

"உன்ரை கத்தரிக்கோல் இழுக்குதடி."

"என்ரை கத்தரிக்கோல் இழுக்காது. நேற்று இதாலை பட்டு வெட்டினனான்."

"அப்ப நான் பொய் சொல்லுறனே?"

"நீங்கள் பொய் சொல்லேல்லை, உங்கடை கை சொல்லுது. கோடு போட்டிட்டு வெட்டிப் பாருங்கோ. அளவுகோல் உள்ளுக்கை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்."

சோக்கட்டியைக் கொடுத்துவிட்டு செலஸ்ரீனா உள்ளே போனாள். திரும்பி வாசலுக்கு வந்தபோது விமலராணி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். கோட்டை அளவுகோல் இல்லாமலே போட்டுக்கொண்டிருந்தாள். நூல் பிடித்தது போல நேர்க்கோடு. சோக்கட்டி இடது கையில் இருந்தது.

காலடி கேட்டதும் அது வலது கைக்கு மாறியது.

"அக்கா, நீங்கள் இடக்கையோ?"

"ஆர் சொன்னது?"

"கோடு சொல்லுது."

விமலராணி துணியை மடித்தாள், திரும்ப விரித்தாள். "பள்ளிக்கூடத்திலை சிஸ்டர் விரலிலை அடிச்சு மாத்தினவா. அம்மா வீட்டிலை. எழுத்து மாறிச்சுது, சாப்பாடு மாறிச்சுது. ஊசி மட்டும் மாறேல்லை. ஆக்கள் இல்லாத நேரம் அதாலைதான் தைக்கிறனான்."

"முப்பது வரியமாத் தெரியும் எண்டு சொல்லித் திரியிற உங்கடை மனுசனுக்கு இது தெரியுமே?"

"அந்தாளுக்குத் தன்ரை சப்பாத்து எந்தக் கால் எண்டே தெரியாது."

செலஸ்ரீனா தையற்காரரின் கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். "இதை அந்தக் கையிலை போடுங்கோ."

"விசரே உனக்கு? நாளைக்கு முதலாளிப் பொம்பிளை பக்கத்திலை நிப்பா. பீச்சாங்கையாலை வெட்டுறன் எண்டு அனுப்பிவிட்டா?"

"போனமுறை வலக்கையாலை வெட்டி என்ன நடந்தது?"

விமலராணி சற்றுமுன் கோணலாக வெட்டிய ஓரத்தை விரலால் நீவினாள்.

"இஞ்சை ஒருத்தரும் கையைப் பாக்கமாட்டினம் அக்கா. வெட்டின துணியைத்தான் பாப்பினம். இந்தக் கத்தரிக்கோலை வைச்சிருந்த மனுசன் இதாலை ஒரு வீடு வாங்கியிருக்கிறான். நான் அந்த வீட்டுக்கை நிண்டனான்."

விமலராணி பல்கனிக் கதவைச் சாத்தினாள், சந்தை மேலே பார்த்துக்கொண்டு நிற்பது போல. பிறகு விரல்களைப் பிடிக்குள் நுழைத்தாள். கட்டைவிரல் வளையத்துக்குள் இடம் தெரிந்து போனது. கோட்டின் தொடக்கத்தில் அலகைத் திறந்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். நுனிவரை நிற்காமல் போனது. துணியின் ஒரு பாதி மேசையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. சோக்கட்டிக் கோடு வெட்டின் ஓரம் முழுக்க, ஒரே தடிப்பில், அப்படியே இருந்தது.

"இன்னொருக்கா," என்றாள் விமலராணி.

மூன்று தரம் வெட்டினாள். வளைவும் வெட்டிப் பார்த்தாள். மூன்றாவது தரம் நுனிக்கு ஓரங்குலம் முன்னால் ஒரு சின்னத் தடக்கு. விமலராணி கவனிக்கவில்லை; செலஸ்ரீனா கவனித்தாள்.

"தாங்கோ இஞ்சை."

"நல்லாத்தானே வெட்டுது. விடன்."

"நல்லா வெட்டினாக் காணாது."

திருகாணியைக் கழற்றினாள். வெட்டாத கத்தரிக்கோல் என்று நினைத்து நாலு தரமும் தேவைக்கு மேல் முடுக்கியிருந்தாள். அந்த இறுக்கத்தில் நுனி ஒன்றோடொன்று முட்டியிருந்தது. மேல் அலகின் அந்த ஒரு விரலிடையை மட்டும் கல்லில் வைத்தாள். ஆறு இழுப்பு. நகத்தால் தடவிப் பார்த்தாள். இன்னும் இரண்டு. உட்புறக் குழிவில் கல் படாமல் பார்த்துக்கொண்டாள். அது தட்டையாகிவிட்டால் பிறகு எந்தக் கைக்கும் உதவாது. பொருத்தி, இந்தமுறை கால் சுற்றுக் குறைத்து முடுக்கி, ஆணியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, தன் இடது கையாலேயே ஒரு நூலிழையை நுனியால் வெட்டிப் பார்த்தாள். சத்தமில்லாமல் அறுந்தது.

பனியன் துணியால் எண்ணெயைத் துடைத்து, அலகுகளை மூடித் தன் உள்ளங்கைக்குள் பிடித்து, பிடியை விமலராணியின் பக்கம் நீட்டினாள்.

விமலராணி பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். செலஸ்ரீனா விடவில்லை. அந்தக் கை இறங்கி, மற்றக் கை வரும்வரை காத்திருந்து கொடுத்தாள்.