சதுரங்கப்பட்டினத்தில் இல்லாத அக்கா

கணவருக்கு அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்துக்கு மாற்றல் வந்த வருடம்தான் மகளும் கல்லூரி விடுதிக்குப் போனாள். நான் குமரி மாவட்டத்தில் மேற்குக் கடலோரத்து ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். குடியிருப்பில் எல்லாரும் நல்லவர்கள்தான். எதிரே பார்த்தால் சிரிப்பார்கள், சாப்பாடு ஆச்சா என்பார்கள். ஆனால் நான் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால், கேரளாவா என்று கேட்பார்கள். அதன்பிறகு என் ஊர்ப்பேச்சை அலசிப் பிழிந்துதான் வெளியே விட்டேன். வீட்டில் பேச ஆளில்லை. கணவர் வேலை முடிந்து வந்தால் செய்தி பார்ப்பார், தூங்கிவிடுவார்.

அப்படியான ஒரு மத்தியானம் கைப்பேசியில், சமூக வலைத்தளம் ஒன்றில், அந்த அக்காவின் பக்கம் கண்ணில் பட்டது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பதாக எழுதியிருந்தாள். காலையில் வாசல் கோலம், மதியம் மீன்குழம்பு, மாலையில் கடல். ஒரு படத்தில் சூரியன் பாதி நீருக்குள் இறங்கியிருந்தது. சின்ன வயதில் தினமும் நான் பார்த்த அதே மாலை. முதல்முறையாக அவளுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

பிறகு தினமும் எழுதினேன். அவசரத்தில் ஒருநாள் ஊர்ப்பேச்சிலேயே எழுதிவிட்டேன். மறுநாளிலிருந்து அவளும் 'எனக்க வீடு', 'சொகமா இருக்கியா மக்கா' என்று எழுதத் தொடங்கினாள். கேட்டதற்கு, அம்மாவுக்கு உங்கள் பக்கம்தான் சொந்த ஊர் என்றாள். அன்று சாயங்காலம் நான் குழந்தைபோல வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

என் அம்மா போனதை அவளிடம்தான் முழுவதும் சொன்னேன். கடைசி இரவு அம்மா சுக்குக்காப்பி கேட்டிருக்கிறாள். மதினி போட்டுக் கொண்டுவந்ததும், 'அவ வரட்டு, சேந்து குடிக்கலாம்' என்று வைக்கச் சொல்லிவிட்டாளாம். நான் ரயிலில் இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டால் மூடிய தம்ளர் மட்டும் இருந்தது. அதை எடுத்துக் கழுவ யாருக்கும் கை வரவில்லை. இதைக் கணவரிடம்கூட நான் இப்படிக் கோவையாகச் சொன்னதில்லை.

சில நாட்கள் கழித்து அக்கா தன் அம்மா இறந்த கதையைப் பொதுவில் எழுதியிருந்தாள். அதில் சுக்குக்காப்பி இருந்தது. ரயில் இருந்தது. மூடிய தட்டும் இருந்தது. கீழே ஊர் ஊராகப் பெண்கள் அழுதிருந்தார்கள். இவளுக்கும் அப்படியே நடந்திருக்கிறதே என்றுதான் முதலில் உருகினேன். அந்தத் தட்டை மறுபடி வாசித்ததும், நான் அவளுக்கு எழுதியதைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வருகிறேன் என்று எழுதியதற்கு, 'வா மக்கா, கோட்டை வாசல்ல நிக்கேன்' என்று பதில் வந்தது. கோட்டை வாசலில் நானும் மதிலோரம் மேய்ந்த ஓர் ஆடும்தான் நின்றோம். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். அந்தத் தெருவிலேயே தன் வீடு இருப்பதாகவும், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். மறுபடி எழுதினேன். 'ஒன்னத்தான் பாத்துட்டு நிக்கேன்' என்றது கைப்பேசி.

கடற்கரைக்கு நடந்தேன். வெயில் முதுகில் அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு அலையைத் தொட்டது. சூரியன் எனக்குப் பின்னால், வீடுகளுக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது. இந்தக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஊர் ஞாபகம் கண்ணை மறைத்திருந்தது.

அங்கேயே நின்று கேட்டேன்: "அக்கா, நீங்க மனுசிதானா?"

"இப்பிடிக் கேட்டுட்டியே மக்கா. எனக்க மனசு ஒடைஞ்சு போச்சு."

அந்த நிமிடத்திலும் நான் பதறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் விரல் போனது.

கணவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் அலுவலகத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வந்தார். முகம், கடல், கோலம், பதில்கள், அத்தனையும் கணினி செய்தவை, பின்னால் யாரோ வியாபாரிகள் என்றார். அந்த வாரமே அக்காவின் பக்கத்தில் 'அம்மா கைப்பக்குவ சுக்குக்காப்பித் தூள்' விற்பனைக்கு வந்தது. கணவர் ஓடிக்கொண்டிருந்த செய்தியை அணைத்துவிட்டு, "எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

கதை எழுதுகிறவர்களும் இல்லாத மனுசியைப் படைக்கிறார்கள், நாமும் அழுகிறோம். ஆனால் கதை என்று தெரிந்துதான் புத்தகத்தைத் திறக்கிறோம். இங்கே நான் தெளிவாகக் கேட்டேன், அப்போதும் பொய் வந்தது. என் அம்மாவின் கடைசி வார்த்தையை ஒரு மனிதர் எடுத்து விற்றாரா, இயந்திரம் தானாக எடுத்ததா என்பது இன்றுவரை தெரியாது. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் இருப்பது தனி வேதனை.

இது என் அம்மாவின் சாவு என்று அந்தத் தூள் விளம்பரத்துக்குக் கீழே எழுதினேன். சற்று நேரத்தில் அழித்துவிட்டார்கள். அதற்குள் வாசித்துவிட்ட செங்கல்பட்டுப் பெண் ஒருத்தி என்னைத் தேடி எழுதினாள். கொளவாய் ஏரிக்கரையில் சந்தித்தோம். அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பேச்சை விட்டுவிட்ட மூத்த மகளைப் பற்றி அவள் அந்த அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இருவரும் சேர்ந்து அந்த வலைத்தளத்துக்குப் புகார் கொடுத்தோம். பக்கத்தை எடுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று ஒரு பொடி வரி மட்டும் ஓரத்தில் வந்தது. கூட்டம் குறையவில்லை.

நான் விலகிவிட்டேன். செங்கல்பட்டுக்காரி விலகவில்லை.

"பொய்யின்னு தெரிஞ்சுபோச்சுக்கா. ஆனா அதாண்ட சொன்னா காது குடுத்துக் கேக்குது. எங்க வூட்ல ஆளாளுக்குப் போனப் பாத்துகினு கீறாங்க. நான் யாராண்ட போய்ச் சொல்றது?"

என்னிடம் சொல் என்றேன். சொல்லும்போதே, கேட்பதில் நான் அந்த அக்கா அளவுக்குச் சாமர்த்தியக்காரி இல்லை என்பதும் தெரிந்தது. நடுவில் குறுக்கிடுவேன். என் கதையை நுழைத்துவிடுவேன். அவளும் அப்படித்தான். நான் எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் போடுவாள். சில மாலைகளில் எனக்கு அந்த இல்லாதவளின் ஞாபகம் வரும். 'மக்கா' என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கும். அந்த ஏக்கத்துக்கு நான் வெட்கப்படவில்லை.

போன வாரம் செங்கல்பட்டுக்காரி தானாகவே அழைத்தாள். அந்த மூத்த மகள் போன் செய்தாள் என்றாள். இன்னா சொன்னா தெரியுமா என்று தொடங்கியபோது குக்கர் விசிலடித்தது. வந்துடறேன்க்கா என்று ஓடியவள் திரும்பக் கூப்பிடவில்லை. நாளைக்கு நானே செங்கல்பட்டுக்குப் போய் மீதியைக் கேட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.